பார்த்துவிட்டு இடியுங்கள்

மேடம்,

இன்று காலை முகம் வழிக்கக் கண்ணாடியைச் சன்னலோரம் சாய்த்தேன். வெயில் அதில் பட்டு, கூரையில் ஒரு வெள்ளை வட்டம் எழுந்து ஓடியது. பாதி முகத்தில் சவர்க்கார நுரையோடு அப்படியே நின்றுவிட்டேன்.

நீங்கள் காத்தான்குடிக் கடைத்தெருவில் வாங்கிய கண்ணாடி அது. பச்சைச் சட்டம் ஒரு மூலையில் வெடித்துவிட்டது. நான் அதற்குச் சுற்றிய நாடாவும் பழசாகிவிட்டது. அன்று கடையில் நீங்கள் அதை முகத்துக்கு நேரே பிடிக்கவில்லை. தட்டு ஏந்துவதுபோல் மல்லாக்கப் பிடித்து, குனிந்து, அதற்குள் கடையின் கூரையைப் பார்த்தீர்கள். கடைக்காரர் என்னிடம், "மிஸ்ஸுக்கிட்டச் சொல்லுங்க, மேல இரிக்கிற ஓடு விக்கிறதுக்கில்ல" என்றார். நான் மொழிபெயர்த்தேன். கூரை மரங்கள் நல்லவை, யார் கேட்டாலும் விற்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லச் சொன்னீர்கள்.

நீங்கள் காலமாகிவிட்டதாகப் போன மாரியில் உங்கள் மகள் எழுதியிருந்தார். பல தடவை எழுதி அழித்து, கடைசியில் நான் அனுப்பிய பதில் அரசாங்கக் கடிதம்போல் இருந்தது. வாழ்நாள் முழுவதும் வாய்க்காலுக்கும் மதகுக்கும் படம் வரைந்தவனுக்கு வேறு எப்படி எழுத வரும்? அது அன்றிலிருந்து உறுத்துகிறது. ஆனால் இன்று எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் அது மட்டுமல்ல. போடியார் வீட்டை இடிக்கப் போகிறார்கள். திங்கட்கிழமைக்கு இயந்திரம் சொல்லியாகிவிட்டது. இன்று பின்னேரம் வாவிக்கு அப்பால், படுவான்கரையில் கடைசிக் கூட்டம். அங்கே என்னிடம் ஒரு சொல் கேட்கப்போகிறார்கள். எந்தச் சொல்லைச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

காலையிலிருந்து ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. கல்லடிப் பாலம் வரை நடந்தேன். பாதியில் திரும்பினேன். பேனையை எடுத்தேன், வைத்தேன். மனைவி பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "உங்கட அயர்லாந்துக்காரி இரிந்தாவெண்டா இந்நேரம் தோணி ஏறியிரிப்பா. நீங்க செருப்பத் தேடுறிங்க" என்றாள். செருப்பு என் காலில்தான் இருந்தது.

நீங்கள் முதலில் வந்தது போர்நிறுத்தக் காலத்தில். பழைய கோட்டையைப் பார்க்க வந்த குழுவில் ஒருவர். அளவெடுத்துப் படம் வரைய ஓர் உள்ளூர் ஆள் தேவைப்பட்டது. நான் அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தேன், ஆங்கிலமும் ஓரளவு வரும் என்று யாரோ என் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். கோட்டை வேலை முடிந்ததும் மற்றவர்கள் கொழும்புக்குப் புறப்பட்டார்கள். நீங்கள் என்னிடம் கேட்டீர்கள்: "கோட்டையை எல்லோரும் காட்டுவார்கள். நீங்கள் எனக்குக் காட்ட விரும்பாதது எது?"

யோசிக்காமல் போடியார் வீடு என்று சொல்லிவிட்டேன்.

வாவிக்கு மேற்கே, பொழுது படும் பக்கம், என் பிறந்த ஊர். ஒரு காலத்தில் அங்கே கண்ணுக்கெட்டிய வயல் வட்டையெல்லாம் போடியாருடையது. என் அப்பா அவருடைய முல்லைக்காரர். ஆட்களை வைத்து வயலைச் செய்வித்து, நெல்லைக் கொண்டுபோய்ச் சேர்ப்பவர். அறுவடை முடிந்ததும் விளைச்சல் சொல்லப் போடியார் வீட்டு மண்டப வாசல் வரை போவார். தோளில் கிடந்த துண்டு இடுப்புக்கு வரும். தலை குனியும். அந்த வீட்டைப் பற்றி அவர் பிற்காலத்தில் சொன்னதெல்லாம் தரையைப் பற்றித்தான். சிவப்புத் தரை, வாசலுக்கு அருகே ஒரு வெடிப்பு, அந்த வெடிப்பில் எறும்பு ஊரும். மேலே என்ன இருந்தது என்று கேட்டால், "நமக்கென்னத்துக்கு மனே மேல பாக்கிற வேல" என்பார்.

உங்களோடு தோணியில் போனபோது இதையெல்லாம் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாமோ என்று அன்று மாலையே கவலைப்பட்டேன். ஆனால் அதற்குப் பதிலாகத்தான் உங்கள் கதை வந்தது. அதன் பிறகு ஓடத்துறையில் காத்திருந்த நேரங்களில் துண்டு துண்டாக வந்துகொண்டே இருந்தது. உங்கள் தகப்பனார் ஒரு சிறு பட்டினத்தில் ஆணியும் மண்ணெண்ணெயும் விற்ற கடைக்காரர். அவருடைய முன்னோர் குத்தகை கட்ட முடியாமல், பஞ்ச காலத்தில், நிலத்திலிருந்து இறக்கப்பட்டவர்கள். இறக்கியவர் மேட்டில் இருந்த பெரிய வீட்டுத் துரை. நீங்கள் மாணவியாக இருந்தபோது அந்த வீடு பாழாகிக் கிடந்தது. ஒரு மழைக்கு உள்ளே ஒதுங்கினீர்கள். யாரோ வைக்கோல் அடைத்து வைத்திருந்தார்கள். அதில் மல்லாந்து படுத்தபோது, மேலே சுண்ணாம்பில் செய்த பறவைகள் சிறகு விரித்து நின்றன.

மழை விட்ட பிறகும் எழுந்திருக்க முடியவில்லை என்றீர்கள். "கோபமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. எது முதலில் வந்தது என்று இன்றுவரை தெரியாது."

அந்த மழையிலிருந்துதான் உங்கள் தொழில் முழுவதும் வந்தது. டப்ளினில் படிப்பு, அருங்காட்சியகத்தின் நிலவறையில் ஓவியங்களுக்குச் சீட்டு எழுதும் முதல் வேலை, பிறகு பல்கலைக்கழகத்தில் கலை வரலாற்று விரிவுரைகள், கூரைகளைப் பற்றி மட்டுமே ஒரு தடித்த புத்தகம். அதைத் தூக்கி என் கையில் வைத்தபோது, மதகுக் கதவின் எடை இருக்கும் என்று நினைத்தேன். கடைசியில் உங்கள் நாட்டின் பழங்கட்டடங்களைக் காக்கும் அமைப்புக்குத் தலைவி. அமைச்சர்கள் உங்கள் தொலைபேசிக்குப் பயந்தார்கள் என்று உங்கள் மகள் எழுதியிருந்தார். ஆனால் சொந்தச் சனங்களில் பலருக்கு அந்தத் துரைமார் வீடுகள் எரிந்ததும் இடிந்ததும் சரி என்றே எண்ணம். உங்கள் சிறிய தகப்பன் பல ஆண்டுகள் உங்களோடு பேசவில்லை. "நம்மைப் பட்டினி போட்டவர்களின் கூரைக்கு நீ குடை பிடிக்கிறாய்" என்று கல்யாண வீட்டில் எல்லோர் முன்னும் சொன்னாராம். அதற்கு என்ன பதில் சொன்னீர்கள் என்று கேட்டேன். "பதில் இல்லை. அவர் சொன்னது உண்மை" என்றீர்கள்.

அந்தப் பதில் என்னைக் குழப்பியது. இன்றும் குழப்புகிறது.

போடியார் வீட்டில் நாம் நுழைந்த முதல் நாளை எத்தனையோ தரம் நினைத்துப் பார்த்திருக்கிறேன். நான் முதலில் உள்ளே வரவில்லை. அளவு நாடாவைச் சரிபார்ப்பதுபோல் வாசலிலேயே நின்றேன். மண்டபம் இருட்டாக இருந்தது. நீங்கள் கண்ணாடியை என்னிடம் தந்து, முற்றத்தில் நின்று காலை வெயிலை உள்ளே அனுப்பச் சொன்னீர்கள். நான் திருப்பத் திருப்ப, உள்ளே மேல் பலகைகளில் ஒளி நகர்ந்தது. முற்றத்தில் நின்ற எனக்கு எதுவும் தெரியவில்லை. உங்கள் குரல் மட்டும் கேட்டது: இடது பக்கம், இன்னும், நில்லுங்கள். பிறகு சிரிப்பு. நீங்கள் தரையில் படுத்துச் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். பாம்பு கடித்துவிட்டதோ என்று பயந்துதான் நான் வாசற்படியைத் தாண்டினேன்.

கண்ணாடியை உங்கள் மடியில் வைத்து என்னைப் பார்க்கச் சொன்னீர்கள். பலகைக் கூரை முழுவதும் படம். தாமரை, நெற்கதிர், நண்டு, கொக்கு. நான்கு மூலையிலும் இறகு முளைத்த வெள்ளைக்காரக் குழந்தைகள். ஏதோ சீமை பிஸ்கட் தகரத்தைப் பார்த்து வரைந்திருக்க வேண்டும் என்றீர்கள். உங்கள் நாட்டுக் கூரைகளில் அந்தக் குழந்தைகளை நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கிறீர்கள். ஆனால் நெற்றியில் திருநீறு பூசி, இடுப்பில் அரைஞாண் கட்டிய தேவதைக் குழந்தையை உலகத்தில் வேறெங்கும் பார்த்ததில்லை. "வரைந்தவருக்குக் குழந்தை என்றால் அரைஞாண் இருக்கத்தானே வேண்டும்?" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தீர்கள். பிறகு டப்ளினில் ஒவ்வோர் ஆண்டும் முதல் விரிவுரையை அந்தப் படத்தோடுதான் தொடங்கினீர்களாம்.

கண்ணாடி வைத்திருப்பது கழுத்து வலிக்காமல் இருக்க என்று விளக்கினீர்கள். நாள் முழுவதும் அண்ணாந்து பார்த்தால் உங்கள் தொழிலில் கழுத்து போய்விடும். நான் ஓம் என்றேன். எனக்கு அந்தக் கண்ணாடி வேறொரு வசதியைத் தந்தது. அதை உங்களிடம் நான் சொல்லவில்லை. தலையைக் குனிந்தபடியே போடியார் வீட்டுக் கூரையைப் பார்க்க முடிந்தது.

மண்டபத்தின் ஒரு பக்கம் மட்டும் கரி படிந்து கறுத்திருந்தது. கலவரக் காலங்களில் இடம்பெயர்ந்த குடும்பங்கள் அங்கே தங்கிச் சமைத்திருந்தார்கள். எனக்கு அதைச் சுத்தம் செய்துவிட்டு வரைவதுதான் முறையாகப் பட்டது. நீங்கள் விடவில்லை. "கரியையும் வரையுங்கள்" என்றீர்கள். கரியை எப்படி வரைவது என்று இரண்டு நாள் யோசித்தேன். பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தேன். அதுதான் நான் வரைந்ததிலேயே நல்ல படம் என்று சொன்னீர்கள். என்னைத் தேற்றச் சொன்னீர்களோ என்று இன்னும் சந்தேகம்.

நீங்கள் எந்தக் கட்டடத்துக்காகவும் யாரிடமும் கெஞ்சியதில்லை. இடிக்க வேண்டும் என்று ஓர் ஊர் முடிவெடுத்தால், கூட்டத்தை அந்த வீட்டுக்குள்ளேயே வைக்கச் சொல்வீர்கள். ஒரு மணி நேரம் உள்ளே இருங்கள், பேச வேண்டாம், "பார்த்துவிட்டு இடியுங்கள்" என்பீர்கள். அழைக்கப்பட்டவர்கள் மட்டும் பார்ப்பதற்காகக் கட்டிய கூரை அது. அழைக்கப்படாதவர்கள் முதலில் கண் நிறையப் பார்க்கட்டும். பிறகு அது அவர்கள் பாடு. பல ஊர்கள் அப்படி மனம் மாறின. ஓர் ஊர் மாறவில்லை. பார்த்தார்கள், வெளியே வந்தார்கள், இடித்தார்கள். நீங்கள் மழையில் நின்று அது விழுவதைக் கடைசிவரை பார்த்தீர்கள். வருத்தமில்லையா என்று கேட்டேன். "இருக்கிறது. ஆனால் அவர்கள் பார்த்துவிட்டுத்தான் இடித்தார்கள்" என்றீர்கள்.

போர் முடிந்து நீங்கள் மறுபடி வந்தபோது கையில் தடி இருந்தது. தடுத்தும் கேளாமல் மண்டபத்தில் படுத்தீர்கள். எழும்ப முடியவில்லை. என் மனைவிதான் கையைப் பிடித்துத் தூக்கி, "காணும் புள்ள, மேல பாத்தது. இனிக் கீழ பாத்து நட" என்றாள். அதை நான் மொழிபெயர்க்குமுன் நீங்கள் சிரித்துவிட்டீர்கள். புறப்படும்போது கண்ணாடியை என் மேசையில் விட்டுப் போனீர்கள்.

இப்போது தவராசாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிராமச் சங்கத்தின் தலைவர், நாற்பது தாண்டியவர், கெட்ட மனிதர் இல்லை. போடியாரின் கனடாப் பேத்தி வீட்டையும் வளவையும் ஊருக்கே எழுதிக்கொடுத்துவிட்டார். ஒவ்வொரு மாரியிலும் வாவி ஏறி ஊருக்குள் வருகிறது; சனங்கள் ஒதுங்க மேடான இடம் அந்த வளவு ஒன்றுதான். அங்கே மாடியும் கழிப்பறையும் உள்ள ஒரு மண்டபம் கட்ட வேண்டும் என்கிறார். இதில் எதை மறுப்பது? போன கிழமை தொலைபேசியில் சொன்னார்: "ஐயா, வெள்ளைக்கார அம்மாவோட அந்த வீட்ட அளந்தவர் நீங்க. இதில ஒண்டுமில்ல, இடிக்கலாம் எண்டு நீங்க ஒரு சொல்லுச் சொன்னாக் காணும். மறுகா ஒருத்தரும் கதைக்க மாட்டாங்க."

கரியைத் தவிர மேலே எதுவும் இல்லை, அது தனக்குத் தெரியும் என்றும் சொன்னார். சின்ன வயதில், இடம்பெயர்ந்து, அவர் குடும்பமும் அங்கேதான் படுத்து எழும்பியதாம்.

இடிக்க வேண்டாம் என்று சொல்ல என்ன உரிமை எனக்கு? வெள்ளத்தில் நனைவது நானல்ல; நான் கல்லடியில் கல்வீட்டில் இருக்கிறேன். இடியுங்கள் என்று சொல்லவும் நா எழவில்லை. அப்பா இருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்தால், அவர் எதுவுமே சொல்லியிருக்க மாட்டார். நீங்கள் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்பது தெரியும். ஆனால் நான் நீங்கள் இல்லை. இதை எழுதி முடித்தால் மனம் ஒரு பக்கம் சாயும் என்று எண்ணினேன். சாயவில்லை. தோணிக்கு நேரமாகிறது. கண்ணாடியைத் துவாயில் சுற்றி எடுத்துப் போகிறேன், ஏனென்று தெரியாமலே.

*

திரும்பி வந்துவிட்டேன். பொழுது பட்டு விளக்கு வைத்தாயிற்று. மறக்குமுன் ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

கூட்டம் சங்கத்தின் தகரக் கொட்டிலில் நடந்தது. தவராசா திட்டத்தை விளக்கி முடித்து, "இப்ப ஐயா சொல்லுவார்" என்று என்னைக் காட்டினார். எழுந்தேன். எல்லா முகமும் என் பக்கம் திரும்பியது. இடிக்கலாம் என்றும் வேண்டாம் என்றும் தோணியில் தயார் செய்த இரண்டு பேச்சும் மறந்துபோயின. "வீட்டுக்குள்ள போய்க் கதைப்பம்" என்றேன். வேறெதுவும் வரவில்லை. உட்கார்ந்துவிட்டேன்.

தவராசாவுக்கு எரிச்சல். "உள்ளுக்க வௌவால் எச்சம் ஐயா, நிக்க ஏலா" என்றார். ஆனால் இறால் விற்கும் சரசு என்ற பெண் கூடையை எடுத்துக்கொண்டு, "அந்தக் காலத்தில எங்கள உள்ளுக்க விடல்ல. இடிக்க முதல் ஒருக்காப் போய்ப் பாத்தா என்ன" என்று எழும்பினாள். அவள் பின்னால் மற்றவர்கள் போனார்கள். நான் கடைசியில் போனேன்.

பின்னேர வெயில் மேற்கு வாசலில் கிடந்தது. துவாயைப் பிரித்து, நீங்கள் பழக்கிய மாதிரியே வாசலில் நின்று ஒளியை உள்ளே அனுப்பினேன். பிறகு சரசுவின் குரல் கேட்டது: "ஆ, இஞ்ச பாருங்ககா, புள்ளைக்கு அரைஞாண் கட்டியிரிக்கி."

"செட்டை இரிக்கிற புள்ளைக்கு என்னத்துக்கு அரைஞாண்?" என்று யாரோ கேட்டார்கள்.

"பறந்து போனா இழுத்துப் புடிக்கத்தான்" என்றாள் சரசு.

மண்டபம் முழுவதும் சிரித்தது. மேடம், உங்களுக்கு அந்தச் சிரிப்பைக் கேட்கக் கொடுத்துவைக்கவில்லை. நீங்கள் முதல் நாள் சிரித்த அதே சிரிப்பு.

ஆனால் எல்லோரும் சிரிக்கவில்லை. வயலிலிருந்து நேரே வந்திருந்த ஒருவர், "எங்கட அப்பன்மார வெளியில நிப்பாட்டின வீடு இது. இந்தப் படத்துக்காக விடுறதா?" என்று கேட்டார். அவர் சொன்னது உண்மை.

வெயில் இறங்கியதும் கண்ணாடி கைமாறிக் கைமாறிப் போனது. தரையில் உட்கார்ந்து மடியில் வைத்துப் பார்த்தார்கள். இனி நிறுத்தச் சொல்வார் என்று நான் எதிர்பார்த்தபோது தவராசாவே அதை வாங்கினார். தாமரையையோ குழந்தைகளையோ அவர் பார்க்கவில்லை. கறுத்த பக்கத்துக்குப் போய்ச் சுவரோரம் குந்தினார். கண்ணாடியை மெல்லத் திருப்பித் திருப்பிக் கரியையே பார்த்தார். நான் பக்கத்தில் போனேன்.

"அம்மா இந்த மூலையிலதான் உலை வெச்சவ" என்றார். கண்ணாடியை இன்னும் சாய்த்து, "மழைக்க விறகு நனைஞ்சு ஒரே புகை. ஏசுவாங்க, எல்லாரும். அவ அழுதழுது ஊதுவா" என்றார். அவர் தாய் இப்போது இல்லை என்பது எனக்குத் தெரியும். அந்தக் கரியை நான் சாய்த்த பென்சிலால் தேய்த்து வரைந்தேன் என்று சொல்ல நினைத்தேன்.

அவர் கைத்தொலைபேசியை எடுத்து யாரையோ அழைத்தார். "தம்பி, திங்கள் மெசினக் கொண்டுவராத. ஓம். மறுகாச் சொல்லுறன்." அவ்வளவுதான். வீடு தப்பியதா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. புது மண்டபத்தைப் பின் வளவில் கட்டலாமா என்று சிலர் வெளியே நின்று வாதாடினார்கள். வயல்காரர் கோபத்தோடு போனார். மாரி வருமுன் ஏதாவது முடிவெடுத்தாக வேண்டும். ஆனால் எது எடுத்தாலும் இனிப் பார்த்துவிட்டு எடுப்பார்கள்.

புறப்படும்போது கண்ணாடிக்குக் கையை நீட்டினேன். "ஐயா, இது கொஞ்ச நாளைக்கு என்னட்ட இரிக்கட்டும்" என்றார் தவராசா. சரி என்றேன். உங்களைக் கேட்காமல் கொடுத்துவிட்டேன்.

எல்லோரும் வளவுப் படலையைத் தாண்டிப் போன பிறகு நான் மண்டபத்துக்குத் திரும்பினேன். கையில் எதுவும் இல்லை. அப்பா குனிந்து பார்த்த இடத்தில், வாசலுக்கு உட்புறம், அந்த வெடிப்பின் மேல் நின்றேன். எறும்பு இப்போதும் ஊர்கிறது. கொஞ்ச நேரம் அதையே பார்த்தேன். பிறகு தலையை நிமிர்த்தி அண்ணாந்து பார்த்தேன். இருட்டிக்கொண்டு வந்தது, பாதிதான் தெரிந்தது. தோணிக்காரன் கூப்பிடும் வரை அப்படியே நின்றேன்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கண்ணாடி எங்கே என்று கேட்டாள். சொன்னேன். "அப்ப நாளைக்குத் தாடியோட திரியப் போறிங்க" என்றாள். நான் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு எண்ணெய் காய்ச்ச எழுந்தாள். வேண்டாம் என்றேன்.

நீங்கள் சொன்னது சரிதான், மேடம். நன்றாக வலிக்கிறது. இன்றைக்கு இருக்கட்டும்.